கடைசி பஸ்சுக்கு முன் முடியும் நாடகம்

யாழ்ப்பாணத்தில் நடக்கும் நிகழ்வு ஒன்றுக்கு அழைப்பிதழ் கிடைத்தால், யார் தலைமை, யார் பிரதம விருந்தினர் என்று பார்ப்பதற்கு முன் நாம் நேரத்தைத்தான் பார்க்கிறோம். பிற்பகல் 3 மணி என்றால் போகலாம். மாலை 6 மணி என்றால் யோசிக்க வேண்டும். நகரைச் சுற்றி இருப்பவர் மோட்டார் சைக்கிளில் சமாளித்துக்கொள்வார். மயிலிட்டியிலோ வேலணையிலோ இருப்பவர், அதுவும் தனியாகப் போய்வர வேண்டிய பெண் என்றால், அழைப்பிதழை மடித்து வைத்துவிடுவார்.

இந்த நகரத்தில் கலை நிகழ்வுகளுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. கிழமை நாட்களில் திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்தின் கைலாசபதி கலையரங்கில் நினைவுப் பேருரை, மாணவர் நாடகம் என்று ஏதாவது இருக்கும். மருதனார்மடத்தில், இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து இன்று பீடமாக வளர்ந்திருக்கும் வளாகத்தில் இசையும் நடனமும் சித்திரமும் படிக்கும் பிள்ளைகளின் ஆற்றுகைகள் நடக்கும். சனி, ஞாயிறு என்றால் நூல் வெளியீடு. மங்கள விளக்கேற்றல், ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து நூலைப் பற்றிப் பேச வருபவருக்குப் பத்து நிமிடம் மிஞ்சினால் அதிஷ்டம். ஆடி, ஆவணியில் வெளிநாட்டு உறவுகள் வந்திறங்க அரங்கேற்றங்கள் கூடும். தியேட்டர்களில் தமிழகத்துப் படம், முதல் நாளில் வெடியும் பாலாபிஷேகமும். 2015 முதல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவும் இருக்கிறது.

ஆனால் திரைப்படக் காட்சிகளை விட்டால், இவற்றில் பெரும்பாலானவை இருட்டுமுன் முடிந்துவிடுகின்றன. இது எங்கள் பழக்கமே அல்ல.

இரவுதான் எங்கள் கலைகளின் நேரமாக இருந்தது. கோயில் வீதியில் காத்தவராயன் கூத்துத் தொடங்கினால் விடிந்துதான் முடியும். பாஷையூர், குருநகர் பக்கம் கத்தோலிக்க மக்கள் ஆடிய தென்மோடிக் கூத்துகளும் அப்படித்தான். நடிகமணி வி.வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்க்கப் பாயோடும் சாக்கோடும் போய் இடம் பிடித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகள் பாயிலேயே தூங்கிப்போவார்கள். சுடலைக் காட்சிக்குத் தாய் தட்டி எழுப்புவாள். நகரத் தியேட்டர்களில் இரவுக் காட்சி பார்த்துவிட்டுக் கதைத்துக்கொண்டே சைக்கிளில் வீடு போனார்கள்.

அந்த இரவு ஒரே நாளில் பறிபோகவில்லை. எண்பதுகளில் ஊரடங்கும் சுற்றிவளைப்பும் வந்தன. 1981இல் நூலகம் எரிந்ததும் இரவில்தான் என்பதை நகரம் மறக்கவில்லை. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டோம். ரி.வி.யையும் டெக்கையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டால், மண்ணெண்ணெய் எவ்வளவு மிச்சம் என்பதில்தான் பாதிக் கவனம். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பின் திரும்பி வந்தவர்களுக்குப் பொழுது சாயமுன் வீட்டுக்குள் இருப்பது வாழ்க்கை முறையாகவே ஆனது. சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டிய நேரத்தில் யார் நாடகம் பார்க்கப் போவார்கள்?

ஆகவே கலை பகலுக்கு இடம் மாறியது. ஊரடங்கு போய்விட்டது, மின்சாரம் வந்துவிட்டது; பிற்பகல் மூன்று மணி மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போர் நேரத்தை எடுத்துக்கொண்டபோது, நாடகக்காரர்கள் தூரத்தைக் குறைத்தார்கள். 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியில் குழந்தை ம. சண்முகலிங்கமும் அவரோடு இருந்தவர்களும் பயிற்சி பெற்ற ஒரு தலைமுறையை உருவாக்கி வைத்திருந்தார்கள். 1985இல் சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்கள் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். பெரிய காட்சியமைப்பை நம்பாமல், பாட்டையும் உடல் அசைவையும் கூட்டுக் குரலையும் நம்பிய நாடகம் என்பதால் அப்படிக் கொண்டுபோக முடிந்தது. மக்கள் நகரத்துக்கு வர முடியாத காலம். நகரத்திலிருந்து நாடகம் மக்களிடம் போனது. 2025 ஜனவரியில் சண்முகலிங்கம் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் அவருடைய நாடகங்களின் பெயர்கள் வந்தன. இந்தப் போக்குவரத்து பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

இன்று நிலைமை தலைகீழ். இந்திய அரசின் உதவியில் கட்டப்பட்ட கலாசார மையம் நூலகத்துக்குப் பக்கத்தில் எழுந்து நிற்கிறது. 2022இல் திறந்து, 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. அறுநூறு பேர் இருக்கக்கூடிய மண்டபம், நல்ல ஒலி, நல்ல ஒளி. 2025இல் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, 'யாழ்ப்பாணம்' என்ற சொல் எங்கே என்று கேட்டுச் சேர்க்க வைத்தோம். சரியான கேள்விதான். ஆனால் அந்த மண்டபத்துக்கு யார் வந்து போக முடிகிறது என்ற கேள்வியை அந்த வேகத்தில் யாரும் கேட்கவில்லை. மாலை ஏழு மணிக்குப் பிறகு கிராமங்களுக்குப் பஸ் அரிது. ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு குடும்பம் இரண்டு நாள் சாப்பிடும். அனுமதி இலவசம் என்று அழைப்பிதழில் போடுவது இந்தச் செலவை இல்லாமற் செய்யாது. மீள்குடியேறி இன்னும் வீட்டுச் சுவரைப் பூசி முடிக்காதவர்கள், தீவகத்துக் கடற்தொழிலாளர் குடும்பங்கள், கணவனை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் பெண்கள்: போரைப் பற்றிய எங்கள் நாடகங்களில் பாத்திரங்களாக வருபவர்கள் இவர்கள். பார்வையாளர் வரிசையில் இவர்களைக் காண்பது கடினம்.

மக்களுக்கு இரவில் வெளியே வர விருப்பமில்லை என்று ஒரு சாட்டுச் சொல்வதுண்டு. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களில் இரவு வீதியில் கைக்குழந்தையோடு கச்சான் கொறித்து நடக்கும் குடும்பங்களைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஊரே விழித்திருந்தால் பயம் இல்லை, அவ்வளவுதான். 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் நடந்த ஹரிகரன் இசை நிகழ்ச்சியும் வேறொரு விதத்தில் இதையே காட்டியது. காசு கொடுத்தவர்களுக்கும் இலவசமாகப் பார்க்க வந்தவர்களுக்கும் இடையே போட்ட தடுப்பு உடைந்தது, நிகழ்ச்சி குழம்பியது. இளைஞர்கள் யாழ்ப்பாணத்தின் மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். தடுப்பை உடைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வருடத்தின் மற்ற இரவுகளில் என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்டவர்கள் குறைவு.

செய்யக்கூடியது பெரிய காரியம் அல்ல. நகரத்தில் ஒரு முறை மேடையேறும் நாடகம், அதே மாதத்தில் தெல்லிப்பளையிலோ ஊர்காவற்றுறையிலோ ஒரு பாடசாலை மைதானத்தில் இரண்டாவது முறை மேடையேறலாம். பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு லொறியும் நான்கு விளக்கும் போதும். நகரத்தில்தான் நடத்த வேண்டும் என்றால், மண்டப வாடகையோடு இரண்டு பஸ்களின் வாடகையையும் செலவுக் கணக்கில் எழுதலாம். அழைப்பிதழில் பிரதம விருந்தினரின் பட்டங்களுக்கு நான்கு வரி ஒதுக்குகிறோம். நிகழ்வு முடிந்ததும் எந்தப் பஸ் எந்த ஊருக்குப் போகும் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்க இடமிருக்கிறது.