தீப் பாதுகாப்புப் பரிசோதனையும் கட்டிட உரிமையாளர்களின் சட்டப் பொறுப்பும்

வர்த்தக நிலையமொன்றில் தீப்பிடித்தால் மறுநாள் பத்திரிகைகளில் வழமையாக இடம்பெறும் வசனம், 'மின் ஒழுக்கே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது' என்பதாகும். வாசகருக்கு அத்துடன் விடயம் முடிந்துவிடும். கட்டிட உரிமையாளருக்கோ அங்கிருந்துதான் எல்லாமே ஆரம்பமாகின்றன. பொலிஸார் வாக்குமூலம் பெற வருவார்கள். காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் வருவார். மாநகர சபை அதிகாரிகள் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்பார்கள். இந்தக் கட்டிடம் எந்தத் தேவைக்காக அனுமதிக்கப்பட்டது? கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? உள்ளே இருந்தவர்கள் வெளியேற எத்தனை வழிகள் இருந்தன? இக்கேள்விகளைத் தீப்பிடிப்பதற்கு முன்னரே தகுதியான ஒருவரைக் கொண்டு கேட்டுக்கொள்வதுதான் தீப் பாதுகாப்புப் பரிசோதனை.

2023 ஒக்டோபரில் புறக்கோட்டை 2ஆம் குறுக்குத் தெருவில் புடவைக் கடையொன்றில் ஏற்பட்ட தீயினால் இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்ததை நாம் அறிவோம். புறக்கோட்டையின் கட்டிடங்கள் எப்படிப்பட்டவை என்பதை இப்பத்தியை வாசிக்கும் பலருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கம் ஒடுங்கி, உள்ளே நீண்டு செல்லும் கடைகள். மேலே ஏற ஒரேயொரு மாடிப்படி. அந்தப் படியிலும் இருபுறமும் புடவைக் கட்டுகள். மேல்மாடியில் களஞ்சியம். பின்பக்கக் கதவு இருந்தாலும் அதற்கு முன்னால் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். குறுகிய தெருவில் லொறிகளும் கைவண்டிகளும் நிற்க, தீயணைப்பு வாகனம் கடைவாசலுக்கு வருவதே சிரமம். கண்டி, குருநாகல், கல்முனை என எமது வர்த்தக நகரங்கள் பலவற்றிலும் இதே நிலையைக் காணலாம்.

டாக்கா தரும் பாடம்

நெரிசலான கட்டிடத்தில் பரிசோதனையை அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு பங்களாதேஷ் தலைநகர் டாக்கா அண்மைய உதாரணமாகும். 2024 பெப்ரவரி 29ஆம் திகதி இரவு, அங்குள்ள பெய்லி வீதியில் பல மாடிக் கட்டிடமொன்றில் ஏற்பட்ட தீயில் 46 பேர் உயிரிழந்தனர். கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. மேல்மாடிகளில் உணவகங்கள் இயங்கின. வெளியேறுவதற்கு இருந்த ஒரே மாடிப்படியில் எரிவாயு சிலிண்டர்கள் வைக்கப்பட்டிருந்தன. உயிரிழந்தவர்களில் அநேகர் தீக்காயத்தினாலன்றிப் புகையினாலேயே மூச்சுத் திணறி இறந்தனர்.

இதில் வர்த்தகர்கள் கவனிக்க வேண்டிய விடயங்கள் இரண்டு. அக்கட்டிடத்தில் அலுவலகங்களுக்கே அனுமதி வழங்கப்பட்டிருந்ததாகவும் உணவகங்களுக்கு அனுமதி இருக்கவில்லை என்றும் நகர அபிவிருத்தி அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். அடுத்தது, தீயணைப்புத் துறையினர் மூன்று தடவைகள் அறிவித்தல் கொடுத்து எச்சரித்திருந்தனர். பரிசோதகர் வந்தார், குறையைச் சொன்னார், ஆனால் குறை திருத்தப்படவில்லை.

நமது நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

'தீப் பாதுகாப்பெல்லாம் ஹோட்டல்களுக்கும் உயர்மாடிக் கட்டிடங்களுக்கும்தான், எங்களுக்கு எதற்கு?' என்று கேட்கும் வர்த்தகர்கள் உண்டு. இது தவறான எண்ணமாகும்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் கட்டிடம் கட்டுவதற்கு மட்டுமன்றி, அதன் பாவனையை மாற்றுவதற்கும் அனுமதி பெற வேண்டும். கட்டி முடித்த பின் சி.ஓ.சி. எனப்படும் இணக்கச் சான்றிதழ் பெறாமல் அதைப் பாவிக்க முடியாது. வீடாக அனுமதி பெற்றதைக் கடையாக்குவதும், கடையின் மேல்மாடியைக் களஞ்சியமாகவோ தையல் நிலையமாகவோ மாற்றுவதும் பாவனை மாற்றமே. இப்படி மாற்றும்போது வெளியேறும் வழி, மின்சுமை, எரியக்கூடிய பொருட்களின் அளவு எல்லாமே மாறிவிடுகின்றன. பழைய அனுமதிப்பத்திரம் இவற்றுக்கு ஈடுகொடுக்காது.

தையல், அச்சகம், தளபாட வேலை போன்றவற்றை நடத்துவோர் மற்றொரு சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெரிய ஆலைகளுக்கு மாத்திரம் உரியதல்ல. பொருட்களைச் செய்யும், திருத்தும் சிறிய வேலைத்தலங்களும் அதற்குள் அடங்கலாம். ஆட்கள் உள்ளே வேலை செய்யும்போதோ சாப்பிடும்போதோ, உள்ளிருந்து இலகுவாகவும் உடனடியாகவும் திறக்க முடியாதவாறு கதவுகளைப் பூட்டி வைக்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் முக்கிய விதியாகும். களவுக்குப் பயந்து பின்கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை முதலாளி சட்டைப்பையில் வைத்திருப்பது இவ்விதியை மீறுவதாகும்.

வேலை நேரத்தில் தீயினால் ஊழியர் ஒருவர் காயமடைந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரப்படலாம். கவனயீனத்தால் மரணம் ஏற்பட்டதாக நிரூபிக்கப்பட்டால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. உங்கள் கவனயீனத்தால் அயல் கடை எரிந்தால் அக்கடைக்காரர் சிவில் வழக்குத் தொடரவும் முடியும்.

உரிமையாளரா, வாடகைக்காரரா?

நமது சந்தைகளில் கட்டிடம் ஒருவருடையது, அதில் வியாபாரம் செய்பவர்கள் நான்கைந்து பேர். 'வாடகைக்குக் கொடுத்தாயிற்று, இனி அவர் பாடு' என்கிறார் உரிமையாளர். 'கட்டிடம் என்னுடையதல்லவே, நான் ஏன் செலவழிக்க வேண்டும்?' என்கிறார் வாடகைக்காரர். இருவருக்கும் இடையில் மாடிப்படி யாருடையதும் இல்லாமல் போய்விடுகிறது.

கட்டிடத்தின் அமைப்பு, பொதுவான மாடிப்படி, பிரதான மின் இணைப்பு, அனுமதிப் பத்திரங்கள் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பாகவும், தமது பகுதிக்குள் பொருட்களை அடுக்கும் முறை, மேலதிக மின் இணைப்புகள், தீயணைப்புக் கருவிகள் ஆகியவை வாடகைக்காரரின் பொறுப்பாகவும் இருப்பதே நியாயம். இதனை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பொது வழியில் பொருள் வைக்கக் கூடாது என்பதையும், பரிசோதனைக்கு உள்ளே வர அனுமதிக்க வேண்டும் என்பதையும் நொத்தாரிசிடம் சொல்லி வாசகமாகச் சேர்ப்பதற்குப் பெரிய செலவில்லை.

காப்புறுதி இருந்தால் போதுமா?

காப்புறுதியோ தகாபுலோ எடுத்திருப்பது நல்லது. ஆனால், அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அறியாமல் நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு கோடி ரூபா பெறுமதியான சரக்கை, கட்டுப்பணத்தைக் குறைப்பதற்காக 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவர் ஒருவர் இருக்கிறார் என வைத்துக்கொள்வோம். தீயில் 20 இலட்சம் நட்டம் ஏற்படுகிறது. 40 இலட்சத்துக்குள்தானே நட்டம், முழுவதும் கிடைக்கும் என அவர் நினைப்பார். ஆனால் தீக் காப்புறுதிகளில் வழமையாக உள்ள சராசரி விதியின்படி, சரக்கில் எத்தனை வீதத்தைக் காப்புறுதி செய்தாரோ நட்டத்திலும் அத்தனை வீதமே கிடைக்கும். அதாவது 8 இலட்சம். மீதி 12 இலட்சம் அவருடைய கையிலிருந்தே போகும்.

முன்மொழிவுப் பத்திரத்தில் 'புடவைக் கடை' என எழுதிவிட்டு மேல்மாடியில் பெயின்ட், தின்னர் களஞ்சியப்படுத்தியிருந்தால் கோரிக்கையே நிராகரிக்கப்படவும் கூடும். பரிசோதனை அறிக்கையும், குறைகளைத் திருத்தியமைக்கான பற்றுச்சீட்டுகளும் கையில் இருந்தால் மதிப்பீட்டாளருக்கு முன்னால் அவை உங்களுக்குச் சாட்சி சொல்லும். அவற்றின் பிரதிகளை வீட்டிலும் வையுங்கள். கடையோடு கோவையும் எரிந்துபோனால் பயனில்லை.

பரிசோதனையில் பார்க்கப்படுவது என்ன?

கொழும்பில் மாநகர சபையின் தீயணைப்புச் சேவைத் திணைக்களத்திடமும், ஏனைய இடங்களில் உள்ளூராட்சி மன்றத்தின் ஊடாக அருகிலுள்ள தீயணைப்புப் பிரிவிடமும் பரிசோதனைக்கு விண்ணப்பிக்கலாம். மின் இணைப்புகளைத் தகுதிவாய்ந்த மின் பொறியியலாளரைக் கொண்டு தனியாகச் சோதிப்பது அவசியம். பொதுவாகக் கவனிக்கப்படுபவை இவை:

1. வெளியேறும் வழிகள். மாடிப்படியும் நடைபாதையும் முற்றாக வெறுமையாக இருக்கின்றனவா? கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்குமா?

2. மின்சாரம். பழைய வயர்களில் புதிய ஏ.சி.க்களும் மின்விளக்குகளும் ஏற்றப்பட்டுள்ளனவா? டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா? அடிக்கடி விழும் பிரேக்கருக்குப் பதிலாகப் பெரிய பிரேக்கர் போடுவது வயரை அடுப்பாக்கும் வேலையாகும்.

3. தீயணைப்புக் கருவிகள். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? கடந்த ஒரு வருடத்துக்குள் சேவிஸ் செய்யப்பட்டதா? மின்சாரத் தீக்குத் தண்ணீர் ஆபத்து. காபனீரொட்சைட்டு அல்லது உலர்தூள் கருவி தேவை. அதை இயக்கத் தெரிந்த ஊழியர்கள் எத்தனை பேர்?

4. களஞ்சியம். சரக்கு மின்குமிழை முட்டும் அளவுக்கு அடுக்கப்பட்டுள்ளதா? எரிவாயு, தின்னர் போன்றவை புடவை, கடதாசி ஆகியவற்றிலிருந்து பிரித்து வைக்கப்பட்டுள்ளனவா?

5. எச்சரிக்கை. புகை உணர்கருவி, மணி, மின்சாரம் நின்றாலும் எரியும் அவசர விளக்கு ஆகியவை உள்ளனவா?

பரிசோதகரை 'கவனித்து' அனுப்பிவிட்டால் சான்றிதழ் கிடைத்துவிடும் என எண்ணுவோர் இருக்கலாம். அவ்வாறு பெற்ற சான்றிதழ் சுவரில் தொங்கும். அடைபட்ட மாடிப்படி அடைபட்டபடியே இருக்கும்.

மேல்மாடியில் உறங்குபவர்கள்

இறுதியாக, பரிசோதனைப் பட்டியல்களில் பெரும்பாலும் எழுதப்படாத ஒரு விடயம். வெளியூர்களிலிருந்து வேலைக்கு வரும் இளைஞர்கள் சில கடைகளின் மேல்மாடியிலேயே இரவில் தங்குகின்றனர். முதலாளியோ மனேஜரோ கீழே ஷட்டரை இழுத்து வெளியிலிருந்து பூட்டிவிட்டு வீடு செல்கிறார். களஞ்சியத்துக்கு என அனுமதிக்கப்பட்ட மாடி, இரவில் படுக்கையறையாகிறது. நள்ளிரவில் கீழே புகை கிளம்பினால் அந்தப் பிள்ளைகள் எந்த வழியால் வருவார்கள்? அவர்களுடைய பெற்றோர் எமது பொறுப்பிலேயே அவர்களை அனுப்பி வைத்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட முடியாது.

தங்குவதற்கு வேறு இடம் ஒழுங்கு செய்வதே சரியான தீர்வு. அதுவரைக்கும் எவரையும் உள்ளே வைத்து வெளியிலிருந்து பூட்டாதீர்கள். உள்ளிருந்து திறக்கக்கூடிய கதவொன்றை இந்த வாரமே பொருத்துங்கள். படியில் உள்ள கட்டுகளை இன்றே அகற்றுங்கள். தீயணைப்புப் படையின் 110 என்ற இலக்கத்தை அனைவருக்கும் தெரியும்படி சுவரில் எழுதி வையுங்கள். அதன் பின்னர் பரிசோதனைக்கு விண்ணப்பித்து, பரிசோதகர் தரும் குறைப் பட்டியலைத் திகதியிட்டு ஒவ்வொன்றாகத் திருத்தி முடியுங்கள்.