கொட்டிலை அடைத்தோம், காற்றையும் அடைத்துவிட்டோமா?

எமது வடக்குக் கிழக்குக் கிராமங்களில் மாட்டுக்கு வீடு என்பது நெடுங்காலமாகத் திறந்த கொட்டில்தான். பாலைக் கப்போ பனங்கப்போ ஆறு எட்டு நட்டு, வளை ஏற்றி, சிலாகை அடித்து, கிடுகால் அல்லது பனையோலையால் வேய்ந்துவிடுவார்கள். மாரி காலத்தில் வாடை அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் ஒரு செத்தை கட்டுவார்கள். அந்தக் கொட்டிலுக்கு யன்னல் வைப்பது பற்றி எவரும் யோசிக்கவில்லை. கொட்டில் முழுவதுமே யன்னலாக இருந்தது.

இன்று அதே கப்புகள் நிற்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றித் தகரம் அடிக்கப்பட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டுக்குப் பின் மீள்குடியேறிய குடும்பங்களுக்குத் தற்காலிக வீட்டுக்கென்று தகரங்கள் கிடைத்தன. கல்வீடு எழும்பிய பின் அத்தகரங்கள் பல வளவுகளில் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தன. மாடு களவு போகும் பயமும் இதற்கு ஒரு காரணம். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்து இறந்தன. அதைக் கண்ணால் கண்ட விவசாயி எஞ்சிய மாட்டைக் காப்பாற்ற நான்கு பக்கத்தையும் இறுக்கி அடைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், குளிர்காற்றைத் தடுப்பதும் மூச்சுக்காற்றைத் தடுப்பதும் ஒன்றல்ல. டிசெம்பர் வாடைக்காக அடைத்த கொட்டில் ஏப்ரல் வெயிலில் போறணையாகிவிடுகிறது. ஒரு பருவத்தில் மாட்டைக் காத்த தகரமே மறு பருவத்தில் அதை வருத்துகிறது. தகரத்தைக் கழற்றி எறியத் தேவையில்லை. திறக்கவும் மூடவும் கூடிய யன்னல்களை அதிலேயே வைக்கலாம். நிற்கும் கொட்டிலை அசைக்காமல், இரண்டு பேர் ஓரிரு நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

அடைத்த கொட்டிலுக்குள் நடப்பது

மாடு அசைபோட்டுக்கொண்டு சும்மா படுத்திருந்தாலும் அதன் உடல் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்குப் பல லீற்றர் நீர் மூச்சாலும் தோலாலும் ஆவியாக வெளியேறுகிறது. சிறுநீரும் சாணமும் கலந்த தரையிலிருந்து அமோனியா வாயு எழுகிறது. யூரியா உரப் பையைத் திறக்கும்போது மூக்கில் ஏறும் நெடி இதுவே. காற்றோட்டம் இருந்தால் வெப்பமும் ஈரமும் நெடியும் வெளியே போய்விடும். இல்லாவிட்டால் உள்ளேயே தங்கும்.

தங்கினால் முதலில் பாதிக்கப்படுவது கன்று. அதன் மூக்கு தரைக்குக் கிட்ட இருக்கிறது. அமோனியா நுரையீரலின் உட்புறத்தை அரிக்க, அங்கே கிருமி எளிதில் குடியேறுகிறது. இருமலில் தொடங்கிச் சளிச்சுரத்தில் முடியும். காயாத தரையில் படுக்கும் பசுவின் மடியில் கிருமி ஏறி மடியழற்சி உண்டாகிறது. வெப்பம் தாங்காத பசு தீனைக் குறைக்கும்; தீன் குறையப் பால் குறையும்; சினைப்படுவதும் தள்ளிப்போகும். ஜேர்சிக் கலப்பினப் பசுக்கள் நாட்டு மாட்டைவிட இவ்வெப்பத்துக்கு விரைவில் சோர்ந்துவிடும். ஒரு பசுவின் பாலில் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஓட்டும் குடும்பத்துக்கு இது சிறு நட்டமல்ல.

உங்கள் கொட்டிலைச் சோதித்துப் பாருங்கள்

ஒன்று: விடியற்காலையில் சாணம் அள்ளுமுன் கொட்டிலுக்குள் சென்று, கன்றின் உயரத்துக்குக் குந்தியிருந்து பத்து முறை மூச்செடுங்கள். கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது.

இரண்டு: அதே நேரத்தில் கூரைத் தகரத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மழையில்லாத நாளிலும் நீர் துளித்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லை.

மூன்று: நடுப்பகலில் பசுவின் விலாப்பக்கத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். நிழலில் நின்றும் 60ஐத் தாண்டினால் அது வெப்பத்தால் வருந்துகிறது.

நான்கு: பகலில் விளக்கில்லாமல் பசுவின் மடியையும் காம்பையும் தெளிவாகப் பார்க்க முடிகிறதா? இருட்டில் பால் கறப்பவருக்குப் பாலில் உள்ள திரளும் தெரியாது, காலடியில் கிடக்கும் பாம்பும் தெரியாது. யன்னல் காற்றுக்கு மட்டுமல்ல, வெளிச்சத்துக்குமே.

எந்தப் பக்கத்தில் வைப்பது?

ஒரே பக்கத்தில் எத்தனை யன்னல் வைத்தாலும் பெரிய பயன் இல்லை. வரும் காற்றுக்குப் போக ஒரு வழி வேண்டும். எனவே எதிரெதிரே வையுங்கள்.

வடபகுதியில் மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். நவம்பர் கடைசி தொடக்கம் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை வரும். கிழக்கு மேற்காக நீளும் கொட்டிலானால் வடக்கிலும் தெற்கிலும் யன்னல் வைக்கலாம். தெற்கு யன்னல்கள் சோளகத்தை உள்ளே எடுக்கும். வடக்கு யன்னல்கள் அதை வெளியே விடும். மாரியில் வடக்கை மூடிவிட்டுத் தெற்கை அரைவாசி திறந்து வைத்தால் வாடை நேரே தாக்காது, ஈரமும் உள்ளே தங்காது. கிழக்குப் பக்கத்தின் கீழ்ப்பகுதி அடைத்தபடியே இருக்கட்டும். மேற்கில் பின்னேர வெயில் சாய்வாக விழுவதால் அங்கு யன்னலைவிட ஒரு வேம்பு நல்லது.

மட்டக்களப்புப் பகுதி வாசகர்கள் உலர்ந்து சுடும் கச்சானையும் கணக்கில் எடுக்க வேண்டும். அது அடிக்கும் பகல் வேளையில் அந்தப் பக்கத் தட்டியைத் தாழ்த்தி, மாலையில் உயர்த்துவது நல்லது. ஹற்றன், நுவரெலியா போன்ற மலைப்பகுதிகளில் பெருமழையும் குளிரும் தென்மேற்கிலிருந்து வருகின்றன. அங்கே மேற்சொன்ன ஒழுங்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது?

மண்சுவரிலோ கல்சுவரிலோ ஓட்டை போட்டால் மேலுள்ள பாரத்தைத் தாங்க ஏற்பாடு வேண்டும். கப்புக் கொட்டில் அப்படியல்ல. கூரையின் பாரம் வளைக்கு வந்து, வளையிலிருந்து கப்புக்கு வந்து, கப்பு வழியே மண்ணுக்குப் போகிறது. இடையில் உள்ள தகரம் வெறும் மறைப்பு. ஆகவே இரு கப்புகளுக்கு நடுவே எங்கும் வெட்டலாம். கப்பையும் வளையையும் மட்டும் தொடக்கூடாது.

இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. வரிசையாக ஆணி அடித்த தகரம், கொட்டில் பக்கவாட்டில் சாயாமல் ஓரளவு பிடித்து வைக்கிறது. அதை அதிகம் வெட்டினால் பெருங்காற்றில் கொட்டில் ஆடும். ஆதலால் மூலைகளை ஒட்டிய இடைவெளிகளை விட்டுவிட்டு நடு இடைவெளிகளில் வெட்டுங்கள். மூலைக் கப்புகளிலிருந்து வளைக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்திராவிட்டால், தகரத்தில் கை வைக்குமுன் அதை அடித்துவிடுங்கள். ஏற்கெனவே சாய்வு முட்டு இருந்தால் அதை வெட்டக்கூடாது. கப்பின் அடியைக் கறையான் தின்றிருக்கிறதா என்றும் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். உக்கிய கப்பை மாற்றிய பின்னரே யன்னல் வேலை.

நாலைந்து மாடு கட்டும் 24 அடி நீளம், 12 அடி அகலமான கொட்டிலை எடுத்துக்கொள்வோம். 6 அடிக்கு ஒரு கப்பு வீதம் ஒவ்வொரு நீளப்பக்கத்திலும் நான்கு இடைவெளிகள் இருக்கும். நடுவிலுள்ள இரண்டில் 4 அடி அகலம், 2½ அடி உயரத்தில் யன்னல் வைத்தால் இரு பக்கமும் சேர்ந்து 40 சதுர அடி திறப்புக் கிடைக்கிறது. யன்னலின் அடிச்சட்டம் தரையிலிருந்து 3 அடிக்கு மேல் இருக்கட்டும். படுத்திருக்கும் மாட்டின் மேல் காற்று நேரே அடிக்காது. நிற்கும் மாட்டின் முதுகில் காற்றுப் படும்.

சூடான காற்று மேலே எழுவது. அதற்கும் வழி விடுங்கள். முகட்டின் கீழ் மேற்குப் புறத்தில் உள்ள முக்கோணத் தகரத்தைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை அடித்தால் போதும்.

வேலை செய்யும் முறை

முதலில் சட்டம், பிறகு வெட்டு. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். முதலிலேயே தகரத்தை வெட்டினால் அது நெளிந்து ஆடும், அளவும் பிசகும்.

உட்பக்கத்தில் கப்புக்குக் கப்பு இரண்டு குறுக்குச் சட்டங்களை, யன்னலின் மேல்விளிம்புக்கு ஒன்றும் கீழ்விளிம்புக்கு ஒன்றுமாகத் தண்ணீர்மட்டம் பார்த்து அடியுங்கள். 3 அங்குலத்துக்கு 2 அங்குல மரம் போதும். அவற்றுக்கிடையே இரு பக்கச் சட்டங்களை நிறுத்துங்கள். பின்னர் வெளியிலிருந்து தகரத்தை இச்சட்டத்தோடு சுற்றிவர ஆணி அடித்து இறுக்குங்கள். அதன் பின் நான்கு மூலைகளிலும் உட்புறமிருந்து ஆணியால் துளையிட்டால் வெளியே அடையாளம் கிடைக்கும். அடையாளத்தை இணைத்துக் கோடு கீறி, கோட்டுக்கு ஓர் அங்குலம் உள்ளே தள்ளித் தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். மிஞ்சிய ஓர் அங்குலத்தைச் சட்டத்தின் மேல் உட்புறமாக மடித்துத் தட்டிவிடுங்கள். மடிக்காத தகர விளிம்பு கத்திக்குச் சமம். மாட்டின் கண்ணும் உங்கள் கையும் அதற்குத் தப்பாது. வெட்டும்போது கையுறையும் தடித்த செருப்பும் அவசியம். வெட்டிய துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். தீனோடு மாட்டின் வயிற்றுக்குள் போகும் ஆணியும் கூரிய தகரமும் உயிரைக் கொல்லும்.

மழைநீர் உள்ளே வராமலிருக்க ஒரே விதிதான்: மேலுள்ளது எப்போதும் கீழுள்ளதின் மேல் படிய வேண்டும், கிடுகு வேய்வது போல. யன்னலின் தலைக்கு மேலே ஒரு தகரப் பட்டியை வளைத்து, அதன் மேல்விளிம்பைச் சுவர்த் தகரத்தின் கீழ் செருகி, கீழ்விளிம்பை வெளியே நீட்டிவிடுங்கள். அடிச்சட்டத்தின் மேல் ஒரு பலகையை வெளிப்புறம் சாய்வாக அடித்தால் விழும் நீர் வெளியே வடியும்.

தட்டியைப் பெட்டிக்கடைத் தட்டி போல மேலே பிணைச்சல் வைத்து வெளிப்புறம் தூக்கும்படி செய்யுங்கள். தூக்கி முட்டுத்தடி கொடுத்தால் அதுவே வெயிலையும் தூறலையும் மறைக்கும் சிறு கூரையாகிறது. தட்டி யன்னலைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். வெட்டிய தகரத் துண்டை மெல்லிய மரச்சட்டத்தில் அடித்து, குறைகின்ற ஓரங்களுக்குத் தகரப் பட்டி சேர்த்துக்கொள்ளலாம். தட்டி பாரமில்லாமல் இருக்க வேண்டும். பல வீடுகளில் மாட்டைப் பார்ப்பவர் ஒரு தனிப்பெண். அவர் ஒரு கையால் கயிற்றை இழுத்துத் தூக்க முடியாவிட்டால் அந்த யன்னல் ஒருபோதும் திறக்கப்படாது.

களவுக்கு அஞ்சுபவர்கள் யன்னலில் 4 அங்குல இடைவெளியில் இரும்புக் கம்பி நிறுத்தலாம். கோழி அடைக்கும் கொட்டிலானால் அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றானால்

சில கொட்டில்களின் பக்கங்களில் பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றுகள் உள்ளன. அவற்றை வாளால் அரியவோ துளையிடவோ உடைக்கவோ கூடாது. கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் உள்ளன. மூச்சோடு உள்ளே போகும் அவை பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் உண்டாக்கும். யன்னல் வேண்டுமானால், தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, சீற்றை முழுதாக இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கிடுகுச் செத்தையோ பலகையோ வைத்து யன்னலை அமையுங்கள். அந்நேரம் பிள்ளைகள் கிட்ட நிற்க வேண்டாம்.

திறப்பதும் மூடுவதும்

யன்னல் வைத்தவுடன் எல்லாம் சரியாகிவிடாது. தகரக் கூரையிலிருந்து இறங்கும் வெக்கைக்கு, கூரையின் மேல் கிடுகு பரப்பிக் கட்டுவது தனியாகச் செய்ய வேண்டிய வேலை. சாணத்தை நாளாந்தம் அள்ளுவதற்கும் யன்னல் பதிலாகாது.

கோடையில் இரவு பகலாகத் திறந்து வையுங்கள். ஒக்ரோபர் பிறந்ததும் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டு, முட்டுத்தடியையும் கொளுக்கியையும் சரிபாருங்கள். வாடை தொடங்கியதும் அந்தப் பக்கத்தை மட்டும் மூடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் காற்று வரும் பக்கத்துத் தட்டிகளை உள்ளிருந்து கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாவிட்டால் கூரையையே தூக்கும். ஆகவே எதிர்ப்பக்கத்தில் சிறிது திறப்பு இருக்கட்டும். கன்றுகளைக் காற்றுப்படாத மூலைக்கு மாற்றி, காய்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்புங்கள். நனைந்த உடலைத்தான் குளிர் விரைவில் கொல்கிறது.

கத்தரியும் மட்டமும் எல்லாரிடமும் இராது. ஊர்ச் சங்கம் ஒரு தொகுதி வாங்கி வைத்துக்கொண்டால் முறைவைத்து ஒவ்வொரு வீடாகச் செய்யலாம். ஒரு கொட்டிலை முதலில் செய்து, ஒரு கிழமை கழித்து விடியற்காலையில் அதற்குள் குந்தியிருந்து மூச்செடுத்துப் பாருங்கள். கண் எரியாவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போகலாம்.