'அண்ட் தென் தேர் வேர் நன்': அகதா கிறிஸ்டி எழுதிய முடிவை 1945 படம் மாற்றியது ஏன்?

ஒரு தீவு, பத்து பேர். கரைக்குத் திரும்பப் படகு கிடையாது. ஒவ்வொருவராகச் சாகிறார்கள், கொலையாளியோ அந்தப் பத்து பேருக்குள்ளேயே இருக்கிறார். 'இதை எங்கேயோ பார்த்திருக்கோமே' என்று தோன்றினால் ஆச்சரியமில்லை. இந்தியில் 'கும்நாம்' (1965), தமிழில் வீணை எஸ்.பாலசந்தரின் 'நடு இரவில்' (1970) என்று பல படங்களுக்கு விதை போட்டது அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய இந்த நாவல்தான்.

இதை முதலில் திரைக்குக் கொண்டுவந்தவர் ரெனே க்ளேர். பிரான்ஸை நாஜிக்கள் பிடித்ததும் ஹாலிவுட்டுக்குப் போன இயக்குநர் அவர். 1945இல் வந்த அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் விறுவிறுப்பாகவே இருக்கிறது. ஆனால் கிளைமாக்ஸ் நாவலில் உள்ளது அல்ல.

(கதையின் முடிவு கீழே வருகிறது. நாவலைப் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்!)

நாவலில் என்ன நடக்கிறது?

பத்து பேரில் ஒருவர்கூடப் பிழைப்பதில்லை. எல்லோருமே ஏதோ ஒரு சாவுக்குக் காரணமாகி, சட்டத்திடம் சிக்காமல் தப்பியவர்கள். அவர்களைத் தீவுக்கு வரவழைத்துத் 'தண்டனை' கொடுப்பவர் ஓய்வுபெற்ற நீதிபதி வார்கிரேவ். குற்றம் குறைந்தவர் முதலில் சாக வேண்டும், அதிகமானவர் கடைசிவரை பயத்தில் துடிக்க வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. அவர் தண்டிப்பவர்களில் கடைசியாகச் சாவது வேரா. காதலனுக்குச் சொத்து சேர வேண்டும் என்பதற்காக, தன் பொறுப்பில் இருந்த சிறுவனைக் கடலில் மூழ்கவிட்டவள்.

படத்திலோ வேரா நிரபராதி. அக்கா தங்கை பாசத்தில் பழியைத் தான் சுமந்தவள். லொம்பார்டும் உண்மையில் லொம்பார்டே இல்லை. அவர் பெயரில் வந்த நண்பர். இருவரும் பிழைத்து, ஜோடியாகக் கரை திரும்புகிறார்கள். சுபம்!

மாற்றியது ஹாலிவுட்டா?

இல்லை. இந்த இடத்தில் பலரும் ஹாலிவுட்டைத் திட்டுவார்கள், ஆனால் மாற்றியது கிறிஸ்டியேதான். 1943இல், போர் நடந்துகொண்டிருந்த லண்டனில், இந்த நாவலை அவர் மேடை நாடகமாக்கினார். எல்லோரும் செத்துவிட்டால் மேடையில் கதையைச் சொல்ல யார் இருப்பார்கள்? நாவலில் அந்தச் சிக்கல் இல்லை. நீதிபதி எழுதிவைத்த வாக்குமூலம் பாட்டிலில் மிதந்து வந்துவிடும். மேடையில் அது எடுபடாது. கதைக்கு அடிப்படையான குழந்தைப் பாடலுக்குக் கல்யாணத்தில் முடியும் இன்னொரு வடிவமும் உண்டு. கிறிஸ்டி அதைப் பிடித்துக்கொண்டார். படம் அந்த நாடகத்தின் வழியில் போனது.

இதனால் என்ன கெட்டுப்போனது?

நீதிபதியின் கணக்கு கெட்டுப்போனது. குற்றமே செய்யாதவளைக் கடைசிவரை வைத்திருந்தால், சின்னக் குற்றம், பெரிய குற்றம் என்ற வரிசைக்கு அர்த்தமே இல்லை. நாவலின் நடுக்கமே, நாம் அனுதாபப்பட்ட வேரா உண்மையிலேயே ஒரு குழந்தையைக் கொன்றவள் என்று தெரியும் கணத்தில்தான் இருக்கிறது. படத்தில் அது காணாமல் போகிறது.

ஆனால் வேறொன்று, படம் அழுத்திச் சொல்லாவிட்டாலும், உள்ளே வந்துவிட்டது. நாவலின் நீதிபதி கொடூரர், ஆனால் ஆள் தேர்வில் தப்பு செய்யாதவர். படத்தின் நீதிபதியோ இரண்டு பேர் விஷயத்தில் தப்பான தீர்ப்பு எழுதிவிட்டார். சட்டத்துக்கு வெளியே தானே நீதி வழங்கக் கிளம்பியவர், நிரபராதியையும் தூக்குக் கயிறு வரை கொண்டுபோகிறார். 'என்கவுன்ட்டர்' செய்திகளைத் தினமும் பார்க்கிற நமக்கு இது உறைக்காமல் இருக்குமா?

அந்த நீதிபதியாக நடித்த பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட், அப்போதுதான் 'கோயிங் மை வே' படத்தில் அன்பான பாதிரியாராக வந்து ஆஸ்கர் வாங்கியிருந்தார். அந்த முகத்தை யார் சந்தேகப்படுவார்கள்? செம தேர்வு.

பிறகு யாராவது நாவலின் முடிவைத் தொட்டார்களா?

1965, 1974, 1989இல் வந்த ஆங்கிலப் படங்கள் மூன்றும் நாடகத்தின் முடிவையே எடுத்துக்கொண்டன. 1987இல் சோவியத் இயக்குநர் கொவொருகின் நாவலின் இருண்ட முடிவை அப்படியே வைத்தார். பிபிசி அதைச் செய்ய 2015 ஆனது.

இத்தனை வடிவங்கள் வந்தும், க்ளேரின் சாவித்துவாரக் காட்சிக்கு ஈடு வரவில்லை. ஒருவர் துவாரம் வழியாக உளவு பார்க்கிறார். அவரை இன்னொருவர் பார்க்கிறார். அவரையும் வேறொருவர் பார்க்கிறார். வசனமே தேவைப்படவில்லை. சிரிப்பு வருகிறது, கூடவே பயமும் வருகிறது.