இடது கையால் ஏழு சொற்கள்

மாணவர்களே, முதலில் ஒரு சிறு சோதனை. தாளும் பேனாவும் போதும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏழு சொற்களை வீட்டில் யாரையாவது மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். குடை, மணி, ரொட்டி என்று எதுவாகவும் இருக்கலாம். வாசித்து முடித்ததும் நினைவிலிருந்து எழுதுங்கள். அடுத்து வேறு ஏழு சொற்கள். இந்த முறை, எழுதிப் பழகாத கையால் எழுதுங்கள்.

எழுத்து கோணலாக இருப்பதை விடுங்கள். எத்தனை சொற்கள் நினைவில் நின்றன? பெரும்பாலும் குறைந்திருக்கும். ‘ம’வை எப்படி வளைப்பது என்று கை தடுமாறிக்கொண்டிருந்தபோது, மனத்தில் இருந்த ‘ரொட்டி’ நழுவிப் போயிருக்கும்.

இதற்கு நெருங்கிய ஒரு சோதனையை பெயட்ரிஸ் பூர்தன், மிஷேல் ஃபயோல் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் செய்து 1994இல் வெளியிட்டார்கள். சொற்பட்டியலைக் கேட்டுவிட்டு வாயால் சொன்னபோது சிறுவர்களுக்கு நினைவிருந்த அளவு, எழுதும்போது நினைவில் இல்லை. பெரியவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. பிறகு பெரியவர்களுக்குப் பழக்கமில்லாத ஓர் எழுத்து வடிவத்தில் எழுதச் சொன்னார்கள். உடனே அவர்களும் சொற்களை மறக்கத் தொடங்கினார்கள்!

காரணம், நம் மூளையின் செயல்நினைவு மிகச் சிறியது. ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு செய்திகளைத்தான் அதில் வைத்துக்கொள்ள முடியும் என்கிறார் உளவியலாளர் நெல்சன் கோவன். அதை ஒரு குட்டி மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் வடிவமே மேசையை அடைத்துக்கொண்டால், சொல்ல வந்த கருத்துக்கு இடம் ஏது? “மனசுல இருக்கு சார், எழுத வரல” என்று ஒரு மாணவர் சொன்னால் அது சாக்குப்போக்கு அல்ல. உண்மையாகவே மேசையில் இடமில்லை.

தமிழில் எழுதும்போது அந்த மேசைக்கு வேலை இன்னும் அதிகம். இந்த இடத்தில் ‘ன’வா ‘ண’வா? ‘ல’வா ‘ழ’வா? ஒற்று மிகுமா மிகாதா? இவை போதாதென்று பேச்சு வேறு, எழுத்து வேறு. “பாசார் மாலாம் போனோம், மழை வந்துடுச்சு” என்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கட்டுரைத் தாளில் அது “இரவுச் சந்தைக்குச் சென்றோம், மழை வந்துவிட்டது” என்று மாற வேண்டும். வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் தலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது.

இனி, ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் இருக்கும் உலு திராமுக்கு வருவோம். அங்கே ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 தமிழ் வகுப்பைக் கற்பனை செய்யுங்கள். ஒரு மாணவி தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் கட்டுரை எழுதியவள். பக்கத்து நாற்காலியில் இருப்பவன் தேசியப் பள்ளியிலிருந்து வந்தவன். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டித்தான் எழுதுவான். இருவருக்கும் ஒரே தலைப்பு, ஒரே நேரம். அவளுக்குச் சலிப்பு, அவனுக்குப் பயம். அவன் மெல்ல விலகிப்போனால் வகுப்பே மெலியும். தேசியப் பள்ளிகளிலும் தேசிய இடைநிலைப்பள்ளிகளிலும் தமிழ் கற்பிக்க, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். ஆகவே ஒவ்வொரு நாற்காலியும் முக்கியம்.

வெவ்வேறு நிலையில் உள்ளவர்களை ஒரே வகுப்பில் எப்படி எழுத வைப்பது? இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் ஒரு விடை வைத்திருந்தார்கள். திண்ணைப் பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். பிழையா? கையால் தடவினால் மறைந்துவிடும். முன்னே படித்த சட்டாம்பிள்ளை பின்னே வருபவர்களுக்குச் சொல்லித் தருவான்.

சென்னை எழும்பூரில் 1789 முதல் ஓர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஒரு நாள் குதிரையில் போகும்போது இந்த மணல் எழுத்தைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். அவர் விடவில்லை. ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியராக்கினார்! அவன் சொல்லிக்கொடுத்தான். பெல் 1797இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்ற பள்ளி இன்றும் இருக்கிறது.

ஆனால் அந்த முறை எழுத்தைப் பழக்கியதே தவிர, சிந்தித்து எழுதப் பழக்கவில்லை. பார்த்து எழுதுவது, ஒப்பிப்பது, அதோடு சரி. முதல் படிக்கு அது போதும்; அடுத்த படிக்குப் போதாது.

அந்த அடுத்த படியை ஆராய்ந்தவர்கள் கனடாவின் கார்ல் பெரைட்டர், மார்லின் ஸ்கார்டமாலியா. இளம் மாணவர்கள் தலைப்பைப் பார்த்த சில நொடிகளிலேயே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்; நினைவுக்கு வருவதை வந்த வரிசையிலேயே கொட்டுகிறார்கள்; தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். தேர்ந்தவர்களோ எழுதும்போதே கருத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள். மூன்றாவதாக ஒரு படியும் உண்டு, படிப்பவர் என்ன புரிந்துகொள்வார் என்பதையும் சேர்த்து எண்ணுவது. அங்கே போய்ச் சேர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம் என்கிறார் உளவியலாளர் ரொனால்ட் கெல்லாக். எனவே 15 வயதில் கட்டுரை தடுமாறுகிறது என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

எழுத்துப்பிழை, இலக்கணம், கருத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சிவப்பு மையால் வட்டமிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே நிரம்பிய மேசைமேல் அது இன்னொரு மூட்டை. ஒரு முறை கருத்தை மட்டும் பார்க்கலாம். எழுத்துப்பிழையை அடுத்த முறை பார்க்கலாம்.

உலு திராம் வகுப்பில் அந்த இருவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். அவன் தன் கதையைப் பேச்சுத் தமிழிலேயே சொல்லட்டும், அவள் எழுதட்டும். அவனுக்கு எழுத்தின் சுமை இறங்கிவிடும். கருத்து தாராளமாக வரும். அவளுக்கோ பேச்சைக் கட்டுரைத் தமிழாக்கும் வேலை. புரியாத இடத்தில் “ஏன்?” என்று கேட்டாக வேண்டும். அதாவது இப்போதே அவள் ஒரு வாசகி. அவன் நிறுத்தினால் “அப்புறம்?” என்று கேட்கட்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று தூண்டினாலே சிறுவர்கள் கூடுதலாக எழுதுகிறார்கள் என்பதையும் அந்தக் கனடா ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிறகு அவள் எழுதியதைப் பார்த்து அவன் தன் கையால் ஒரு முறை எழுதட்டும். சொல்ல வேண்டியதெல்லாம் ஏற்கெனவே தாளில் இருப்பதால், அந்த நேரத்தில் அவனுக்கு ‘ன’வும் ‘ண’வும் மட்டும்தான் வேலை.