கோச் ஜெயிக்க வச்சாரா, டீம் ஜெயிச்சுதா?

போன எபிசோடுல பாதியில விட்ட டேட்டாபேஸ் விஷயத்தை அடுத்த வாரம் முடிச்சிடுறேன். இந்த வாரம் ஃபுட்பால். அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

கிளியனூர்ல நாங்க ஆடுற டீம் வரிசையா நாலு மேட்ச் தோத்துட்டோம். கோச்சை மாத்தணுமான்னு வாட்ஸ்அப் குரூப்ல ஓட்டெடுப்பு வச்சாங்க. நானும் யோசிக்காம ‘மாத்தணும்’னு போட்டுட்டேன். காலையில உப்பள வேலைக்குப் போயிட்டு, சாயங்காலம் சம்பளம் வாங்காம கிரவுண்டுக்கு வர்ற மனுஷன் அவர். எனக்குப் பந்தை நிறுத்தக் கத்துக்கொடுத்ததே அவர்தான். ராத்திரி தூக்கம் வரல. லேப்டாப்பைத் திறந்து சென்னையின் எஃப்சியோட பழைய பாயின்ட்ஸ் டேபிளைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துட்டேன்.

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். சுனில் சேத்ரி முதல் கோலை அடிச்சும், சென்னையின் 3-2ன்னு ஜெயிச்சு ரெண்டாவது ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கினாங்க. கோச் ஜான் கிரிகரி. மைல்சன் ஆல்வெஸ் தலையால முட்டின ரெண்டு கோலும் கார்னர்ல இருந்து வந்தது. யார் எங்க நிக்கணும், யார் ஓடணும்னு கார்னருக்குப் பழக்குறது கோச்சோட வேலை. அதுக்கு அவருக்கு தாராளமா மார்க் போடலாம்.

அடுத்த சீசன், அதே கிரிகரி. 18 மேட்ச்ல 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 பாயின்ட். கடைசி இடம். ஆறே மாசத்துல ஒருத்தருக்கு கோச்சிங் மறந்து போயிடுமா என்ன? முந்தின சீசன்ல 9 கோல் அடிச்ச ஜேஜே, இந்தத் தடவை அடிச்சது ஒண்ணே ஒண்ணு. கோப்பை வாங்கினப்போ கிரிகரியை எவ்வளவு தூக்கினோமோ, அவ்வளவு கீழே போட்டோம். ரெண்டுமே ஓவர்.

இப்போ சுவாரஸ்யமான பகுதி. 2019-20 சீசன். முதல் நாலு மேட்ச்ல ஒரு கோல்கூட இல்ல. ஆறு மேட்ச் முடிஞ்சதும் 5 பாயின்ட்டோட கிரிகரி கிளம்பினார், ஓவன் காயல் வந்தார். மீதி 12 மேட்ச்ல 24 பாயின்ட்! நாலாவது இடம், அப்புறம் ஃபைனல் வரைக்கும். அதுல ஏடிகேகிட்ட 3-1ன்னு தோத்தது வேற கதை.

இதைக் காட்டி ‘பார்த்தியா, கோச்சை மாத்தினதும் டீம் எழுந்திருச்சு’ன்னு சொல்லுவாங்க. கொஞ்சம் பொறுங்க. கிரிகரி இருந்த கடைசி ரெண்டு மேட்ச்லயே டீம் நாலு கோல் அடிச்சிருந்தது. அந்த சீசன்ல 15 கோல் அடிச்ச வால்ஸ்கிஸும், பந்து கொடுத்த கிரிவெல்லாரோவும் காயல் வர்றதுக்கு முன்னாடியே எடுத்த ஆளுங்க. நம்ம ஆஃபீஸ்லயும் இதே கதைதான்: சர்வர் தடுமாறுறப்போ புது மேனேஜர் வருவார், பழைய டீம் பாதி எழுதி வச்ச ஃபிக்ஸ் அந்த வாரம் ரிலீஸ் ஆகும், பேர் அவருக்கு.

கோச்சைத் தூக்குறது எப்பவும் டீம் படுமோசமா இருக்குறப்போதான். அதுக்கும் கீழே போக இடம் கம்மி. அதனால சும்மா விட்டாலும் பாதி டீம் மேல வரும். நெதர்லாந்து பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல் இதைத்தான் சோதிச்சார். கோச்சை மாத்தின டீம்களையும், அதே அளவு சரிஞ்சும் மாத்தாத டீம்களையும் பக்கத்துல வச்சுப் பார்த்தார். மாத்தாதவங்களும் அதே மாதிரி மீண்டு வந்திருந்தாங்க.

அப்போ காயலுக்கு ஒண்ணுமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 12 மேட்ச்ல 7 வெற்றி, சும்மா மீண்டு வர்றதைவிட அதிகம். 2021-22ல ஜாம்ஷெட்பூருக்குப் போய் 20 மேட்ச்ல 43 பாயின்ட் எடுத்து லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். ஆனா அதே காயல் 2023ல சென்னைக்குத் திரும்பி வந்தார். 2024-25ல டீம் முடிச்ச இடம் 11.

மரக்காணம் பக்கம் ஏப்ரல், மே வெயில்ல யார் பாத்தியைப் பார்த்துக்கிட்டாலும் உப்பு விளையும். வானம் திடீர்னு கருக்கும்போது, முன்னாடியே வாரிக் கரையேத்தினது யாருன்னு பார்த்தாதான் ஆளைத் தெரியும். கோச்சையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவரோட பங்கு இருக்கு, ஆனா பாயின்ட்ஸ் டேபிள்ல நேரடியா தெரியாது.

சரி, நம்ம ஊர் கதை. எங்க கோல்கீப்பருக்குக் கை உடைஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. தோத்த நாலு மேட்ச்லயும் கோல்போஸ்ட்ல நின்னது என் தம்பி. இதை குரூப்ல யாரும் பேசல, நானும் பேசல. நேத்து ராத்திரி என் ஓட்டை மாத்திட்டேன். இப்போ 11-9, இன்னும் மாத்தணும்னு சொல்றவங்கதான் முன்னாடி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முடிவு. அதுக்குள்ள தம்பியோட பேரைச் சொல்லி நானே ஒரு மெசேஜ் போடணும். டைப் பண்ணி வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல.