இளைஞர் சூதாட்டம்: ஆணும் பெண்ணும்

எங்கள் ஊர் உம்மா ஒருவர் என்னிடம் வந்து, "மவன் போனக் கீழ வைக்கிறானில்ல டீச்சர். கிரிக்கட்டுக்குக் காசு கட்டுறானோ எண்டு பயமா இரிக்கி" என்றார். அவனுக்கு ஒரு ராத்தாவும் இருக்கிறா. அவளுடைய போனைப் பற்றி உம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் அது உறைத்தது.

பிரிட்டனின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 1.7 வீதத்தினர் சூதில் சிக்குண்டவர்களாகக் கணிக்கப்பட்டனர். பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளே அதிகம். சாப்பாட்டுக் காசை, பஸ் காசைச் சூதில் விட்டதுண்டா, வீட்டில் களவெடுத்ததுண்டா, பள்ளிக்கு ஒளித்ததுண்டா என்பது போன்ற கேள்விகள். ஒன்பது அம்சங்களில் நான்கு பொருந்தினால் சிக்கல்தான்.

பொடியன்களைச் சூதுக்குள் இழுப்பது பெரும்பாலும் கூட்டாளிமாரும் "எனக்கு விளையாட்டுத் தெரியும்" என்ற எண்ணமும். தோற்றாலும் தன் கணக்குப் பிழைத்ததாக நினைப்பானே தவிர, சூதைப் பிழை சொல்லமாட்டான்.

பெண்களின் பாதை பல வேளை வேறு. பிளஸ்சின்ஸ்கியும் நோவரும் 2002இல் சூதுக்கு அடிமையாகும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று, மனக்கவலையோடு வருபவர்களுடையது. வெல்வது இவர்களுக்கு இரண்டாம் பட்சம். கொஞ்ச நேரம் எதையும் நினையாமல் இருக்கவேண்டும். பெண்கள் இந்த வழியில் கூடுதலாகக் காணப்படுகிறார்கள். பிங்கோ, காசு போட்டு ஆடும் மெஷின் போன்ற, தனியே இருந்து ஆடக்கூடியவை அதற்குத் தோதானவை. இப்போது அந்த மெஷினே போனுக்குள் வந்துவிட்டது.

சிகிச்சைக்கு வந்த பெண்களை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: ஆண்களுக்குப் பிந்தித்தான் தொடங்குகிறார்கள், ஆனால் கெதியாக மூழ்கிவிடுகிறார்கள். பொதுமக்களிடையே செய்த எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

நமக்குள் இன்னொரு பூட்டும் உண்டு. சூது ஹராம் என்பது இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் மகன் பிடிபட்டால் "பொடியன்தானே, திருந்துவான்" என்போம். மகள் என்றால் கலியாணப் பேச்சே நின்றுவிடும். பிறகு அவள் எப்படி வாய் திறப்பாள்? கடன்காரன் வாசலுக்கு வந்து நிற்பதால் மகனுடையது வெளியே வருகிறது. அடகுக்குப் போன தோட்டைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

அடுத்த கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். மகனைப் பற்றிப் பேசி முடிந்ததும், "மகள் ராவைல போனோட என்ன செய்றா?" என்று கேட்டேன்.

உம்மா சிரித்துவிட்டார். "அவ பொம்புளப் புள்ளதானே டீச்சர். என்னமோ கேம் விளையாடுறா."