ஒற்றைக் கையால் மடக்குக்கத்தியைத் திறத்தல்

மடக்குக்கத்தியைச் செய்தவர் அதைப் பயன்படுத்துபவருக்கு இரண்டு கைகள் இருக்கும் என்றே எண்ணியிருக்கிறார். ஒரு கை பிடியைப் பற்றிக்கொள்ளும். மறுகையின் பெருவிரல் நகம் அலகிலுள்ள சிறு கீறலில் மாட்டி அலகை வெளியே இழுக்கும். இரு கைகளும் உள்ளவருக்கு இதில் சிந்திக்க ஒன்றுமில்லை. ஆனால் 2009இல் முடிவுற்ற யுத்தத்தின் ஷெல்லும் மிதிவெடியும் எமது கிராமங்களில் பலரை ஒற்றைக் கையோடு விட்டுச் சென்றன. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் வழங்காதவர்களும், ஆலை இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர்களும் இவர்களோடு சேர்கின்றனர்.

இவர்களுக்குக் கத்தி தேவைப்படும் வேளைகளில் வீட்டார் என்ன செய்கின்றனர்? "இஞ்சை தாங்கோ, நான் வெட்டித் தாறன்" என்கின்றனர். அன்பினாற்தான் அப்படிச் சொல்கின்றனர். ஆயினும் உரச்சாக்கின் வாயைப் பிரிக்கவும், மாட்டின் கயிற்றை அறுக்கவும் நாளுக்கு நாலு தரம் பிறரைக் கூப்பிட வேண்டியிருந்தால், அந்த மனிதர் காலப்போக்கில் தோட்டத்துக்குப் போவதையே விட்டுவிடுகிறார். நாம் சென்ற வீடுகள் பலவற்றில் இதைக் கண்டிருக்கிறோம். மானத்தை விட்டுக் கேட்க விரும்பாத வேறு சிலர் கத்தியைப் பல்லால் கடித்துத் திறக்கின்றனர். பல் உடைவது ஒருபுறம். கத்தி வழுக்கினால் அதன் கூர் முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

ஒற்றைக் கையால் திறக்கப் பழகுவதற்கு முன் கத்தியின் உள்ளமைப்பை அறிந்துகொள்ள வேண்டும். எமது ஊர்களில் வில்லுக்கத்தி என்று சொல்லப்படும் கத்திகளில் பூட்டுள்ளவையும் உண்டு, பூட்டில்லாதவையும் உண்டு. பூட்டில்லாததை ஒற்றைக் கைக்காரர் வாங்கவே வேண்டாம். பூட்டுள்ளதன் பிடியின் முதுகில் நீளமான இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். அது சிறுவர் ஏறியிருந்து ஆடும் ஏற்றப்பலகையைப் போல நடுவில் ஓர் ஆணியில் ஆடும். அதன் முன்முனையில் ஒரு பல் உண்டு. அலகின் அடிப்பகுதியில் அந்தப் பல் விழுவதற்கான ஒரு வெட்டு உண்டு. அலகு முழுதாக விரிந்ததும், சட்டத்தின் பின்பகுதியைத் தள்ளிக்கொண்டிருக்கும் வில் காரணமாகப் பல் அந்த வெட்டினுள் 'டக்' என்று விழுகிறது. பின்பகுதியை விரலால் அழுத்தினால் பல் மேலெழுந்து அலகு விடுபடும். அலகு பாதி மடிந்த நிலையில், பல் அலகின் அடியை உரசிக்கொண்டு ஒரு தடைக்கட்டையைப் போல நிற்கும். இந்த உரசலை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மடக்கும்போது விரலைக் காப்பது இதுவே.

இவ்வகைப் பூட்டு மிகப் பழையது. எனினும் 1964இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட 110 இலக்கக் கத்தியோடுதான் இது உலகெங்கும் பரவியது. அதிலும் நகக்கீறல்தான் இருந்தது. 1981இல் ஸ்பைடர்கோ என்னும் மற்றோர் அமெரிக்க நிறுவனம் அலகில் பெருவிரல் பதியக்கூடிய வட்டத்துளை ஒன்றை இட்டது. துளையோ, அதற்குப் பதிலாக ஒரு சிறு குமிழோ உள்ள மலிவான கத்திகள் இப்பொழுது பல நாடுகளில் செய்யப்படுகின்றன. துளை எந்தக் கைக்கும் பொருந்தும். குமிழ் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், மிஞ்சியிருக்கும் கைக்கு அது ஏற்றதா என்று கடையிலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். பிடியின் முதுகிலுள்ள பூட்டுக்கு இடம் வலம் என்ற பேதமில்லை என்பது இடக்கையரான எம்மவர்க்கு நல்ல செய்தி.

துளையுள்ள கத்தியைத் திறக்கும்போது நான்கு விரல்களும் பிடியின் ஒரு பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். விரல் நுனிகள் அலகு வெளிவரும் பிளவுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. பெருவிரலின் சதையைத் துளையில் பதித்து, அலகை வெளிப்புறமாக ஒரு வட்டத்தின் போக்கில் தள்ள வேண்டும். பிடியின் நீளவாக்கில் நேராகத் தள்ளுவதே புதியவர்கள் விடும் பிழை. உள்ளங்கைச் சதை பூட்டுச் சட்டத்தின் பின்பகுதியை அழுத்திக்கொண்டிருந்தால் பல் வெட்டினுள் விழாது. ஆகவே இறுக்கிப் பிடிக்கலாகாது.

நகக்கீறல் மட்டும் உள்ள கத்தியென்றால், பிளவுக்கு வெளியே தெரியும் அலகின் முதுகைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடித்து, பிடியின் வாலை மேசை விளிம்பில் மாட்டி, கையை மெதுவாக இழுக்கலாம். அலகு பாதி விரிந்தபின் பிடியைத் தொடையில் ஊன்றி, அலகின் முதுகைத் தள்ளி மிச்சத்தை விரிக்கலாம். முழங்கால்களுக்கிடையே பிடியை இறுக்கிக்கொண்டு நகத்தால் இழுப்பது இன்னும் இலகு. கையை உதறி வீசித் திறக்கும் சினிமா வித்தையை இளைஞர்கள் விரும்புகின்றனர். தோட்டத்துக்கு அது வேண்டாத வேலை.

திறப்பதைவிட மடக்குவதே ஆபத்தானது. ஒற்றைக் கையில் வெட்டுப்பட்டால் அதற்குக் கட்டுப்போட மறுகை இல்லை. காயம் ஆறும்வரை அவர் சோறு உண்பதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். ஆகவே இரு தடவையாக மடக்க வேண்டும். முதலில் பெருவிரலால் சட்டத்தை அழுத்திக்கொண்டு, அலகின் முதுகைத் தொடையிலோ மேசை விளிம்பிலோ ஊன்றிச் சற்றே மடக்க வேண்டும். கூர் உடம்புக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். அலகு அசைந்தவுடன் பெருவிரலை எடுத்துவிட வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் மேற்சொன்ன உரசல் இல்லாமற் போய், அலகு தடையின்றி விரல்களின் மேல் விழும். பெருவிரலை எடுத்தால் அலகு நின்ற இடத்தில் நிற்கும். இப்பொழுது பிடியை மாற்றி, பிளவின் மேல் ஒரு விரலும் இல்லாதவாறு இரு பக்கங்களையும் மட்டும் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை மீண்டும் ஊன்றி முழுதாக மடக்கலாம். கடைசிப் பகுதியில் வில் அலகைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் அவ்விடத்தில் கூடிய கவனம் வேண்டும்.

பழகும் முதற் கிழமை அலகின் கூரில் ஒட்டுநாடாவை இரண்டு சுற்று ஒட்டி, பாயில் இருந்து பழகுவது நல்லது. கத்தி கைதவறினால் அதை ஏந்திப் பிடிக்க முயலக் கூடாது. விழட்டும்.

பூட்டை நம்பலாமா என்பது அதன் துப்புரவைப் பொறுத்தது. மணலோ சாரத்தின் நூலோ வெட்டினுள் அடைந்திருந்தால் பல் அரைகுறையாக நிற்கும். பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும். திறந்தபின் சட்டம் பிடியின் முதுகோடு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல்களைப் பிளவிலிருந்து விலக்கிக்கொண்டு அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். மடிந்தால் அந்தக் கத்தி உதவாது. கடற்கரையில் உள்ளவர்கள் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, அச்சாணியில் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசின் போலாகி அலகை இறுக்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மடக்குக்கத்திதான் வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. படகில் வலைக்கயிறு காலைச் சுற்றும் வேளையில் எதையும் விரிக்க நேரமிராது. அங்கே இடுப்பில் உறைக்கத்தியே வேண்டும். 1797இல் வலக்கையை இழந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு, சாப்பாட்டு மேசைக்கென்று கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் ஒன்றாக்கிய கருவி கொடுக்கப்பட்டது. வீட்டில் மீன் வெட்டவோ, காலால் மிதித்துக்கொள்ளும் எமது அரிவாளே போதும். அலகு அசையாமல் நிற்க, ஒற்றைக் கை மீனை மட்டும் நகர்த்தினால் சரி.

ஆனால் சட்டைப் பையில் கிடந்து, தோட்டத்தில் தேவைப்படும் நேரம் வெளியே வருவது மடக்குக்கத்திதான். சேர்ட்டின் பை பெரும்பாலும் இடப்புற மார்பில் இருக்கும். இடக்கை மட்டும் உள்ளவர் அதனுள் விரலை நுழைக்கப் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கே தெரியும். பையைப் பிரித்தெடுத்து வலப்புறத்தில் தைத்துக் கொடுக்கலாம். அதைவிட, காற்சட்டையின் இடத்தொடையில் மூடியுள்ள பையொன்று தைப்பது உத்தமம். குனியும்போது கத்தி விழாது. பங்குத் தையல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது அரைமணி நேர வேலை.